ஏழாம் படுக்கைக்குச் சப்பாத்தி மாவு

கொடிய கிருமி இருக்குமோ என்று சந்தேகம் வந்தவர்களின் வார்டுக்குள் மனிதர்கள் யாரும் போவதில்லை. நர்ஸ் வசுமதி மணிக்கட்டில் சென்சார் பட்டைகளை மாட்டிக்கொண்டு வீட்டு அடுப்படியில் கையை அசைத்தால், அங்கே இரும்புக் கைகள் அதையே செய்யும்.

ஏழாம் படுக்கை லாரி டிரைவர் சூசைமாணிக்கம், ஊசியைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவார். பரிசோதனைக்கு ரத்தம் கிடைக்காமல் மருந்தும் தொடங்க முடியவில்லை. அன்று கெஞ்சிக் கூத்தாடி எடுத்துவிட்டாள். ஊசியைப் பெட்டிக்குள் போட்டு மூடிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"முடிஞ்சுதுண்ணே, திரும்பிப் படுங்க."

அந்த நிம்மதியில் பட்டைகளைக் கழற்ற மறந்து, சப்பாத்திக்கு மாவு பிசைய ஆரம்பித்தாள். அமுக்கினாள், உருட்டினாள், ஓங்கிக் குத்தினாள்.

ஸ்பீக்கர் அலறியது. "ஐயோ, அம்மா!"

வசுமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை அப்படியே நின்றது. "அண்ணே, மன்னிச்சிருங்க…"

"ஏம்மா நிறுத்திட்ட? இடுப்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் குத்து. இருபது வருஷ ஸ்டியரிங் வலிம்மா!"

மறுநாள் வார்டுக் கேமராவைத் திறந்தாள். சூசைமாணிக்கத்தைப் போலவே ஊசிக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்த அத்தனை பேரும் சட்டையில்லாமல் குப்புறப் படுத்து, ரத்தம் எடுக்கத் தோதாக ஆளுக்கொரு கையை நீட்டியிருந்தார்கள்.

"எனக்கும் இன்னொரு தடவை எடுத்துரும்மா" என்றார் சூசைமாணிக்கம். "இன்னைக்குப் பரோட்டாதானே?"