நீட்டிய கை

பயிற்சி பாரிஸ்டராகத் தனியே வாதாட வந்த முதல் நாள், லண்டன் நீதிமன்றத்தின் கதவுக்கு வெளியே எதிர்த்தரப்பு பாரிஸ்டரைக் கண்டதும் துவாரகா கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார், சிரித்தார், தலையை அசைத்துவிட்டு நகர்ந்துபோனார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுடைய கட்சிக்காரர் கனகசிங்கம் எல்லாவற்றையும் கண்டுவிட்டார்.

"பிள்ளை, உம்மட கையைத் தொடவே அவனுக்கு மனமில்லை. நீர் சொல்லி என்ர கதையை ஆர் கேக்கப்போகினம்? வேற ஆளை அனுப்பச் சொல்லும்."

"அங்கிள், பாரிஸ்டர்மார் தங்களுக்குள்ள கை குடுக்கிறேல்லை. அது இஞ்சத்தைப் பழக்கம். நான்தான் மறந்துபோனன்."

"அப்ப, கை குடுக்காட்டி மரியாதையோ?"

"ஓம். என்னையும் தங்கட ஆளா எடுத்திட்டார் எண்டு அர்த்தம்."

சொல்லும்போதே அவளுக்கு எரிச்சல் வந்தது. வீட்டில் முதல் பட்டதாரி அவள். படித்த அத்தனை சட்டப் புத்தகங்களில் ஒன்றுகூட, அப்படியொரு சிரிப்பில் எது மரியாதை, எது நக்கல் என்று சொல்லித்தரவில்லை.

அப்போது பொய்முடி தரித்த இன்னொரு வெள்ளைக்கார பாரிஸ்டர் படியிறங்கி, எதிர்த்தரப்புக்காரரை நோக்கி வந்தார்.

கனகசிங்கம் அவளுடைய கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தார். "பொறும் பிள்ளை. இவனுக்குக் குடுக்கிறானோ பாப்பம். குடுக்காட்டி நீர்தான் என்ர லோயர்."

துவாரகாவும் நின்று பார்த்தாள். எதிர்த்தரப்பு பாரிஸ்டர் தன் வழக்குக் கோப்பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.