பிசைந்த தீனி

"நாலே நாள்ல நாயைத் துரும்பாக்கி வெச்சிருக்கீங்களே, இதுக்குப் பேரு விடுதியா?"

டாக்டரம்மா போட்ட சத்தத்தில் வரிசையாக இருந்த கூண்டுகளில் எல்லா நாய்களும் குரைத்தன. பஞ்சு மட்டும் குரைக்கவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தது.

பத்து நாள் பயணத்தை நாலாம் நாளே முறித்துக்கொண்டு, ரயிலடியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். இரண்டு கைகளிலும் பெட்டியோடு, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றார் டாக்டரம்மாவின் கணவர்.

"நான் எதையும் மறைக்கலையே டாக்டரம்மா," என்றார் விடுதிக்காரர். "முதல் நாளே ஃபோன் பண்ணிச் சொன்னேன். நீங்க குடுத்துட்டுப் போன தீனியத்தான் வைக்கறேன். மோந்து பாக்கறான், ஒண்ணை எடுக்கறான், துப்பிடறான். முகத்துக்கிட்ட கையக் கொண்டு போனா உறுமறான்."

"எங்க வீட்ல தட்டையும் சேத்து நக்குவான். பெத்த பிள்ளை மாதிரி வளக்கறேன். அவன் முகம் வாடினா எனக்குத் தாங்காது, தெரியுமா?"

"வீட்ல சாப்பாடு யாரு வைப்பாங்க?"

டாக்டரம்மாவின் முகம் இன்னும் சிவந்தது.

"வேலைக்காரி. அவ கெடுத்ததுதான் இவ்வளவும். நாங்க திரும்பற வரைக்கும் அவளையே வீட்ல தங்கிப் பாத்துக்கச் சொல்லியிருந்தேன். கிளம்பறதுக்கு முந்தின நாள் சமையலறைக்குள்ள போறேன், தீனிய வெந்நீர்ல ஊறப்போட்டு, கையால கூழாப் பிசைஞ்சு ஊட்டிக்கிட்டிருக்கா. ஒரு கையுறை கிடையாது. பாத்திரம் தேய்ச்ச கை. அந்த நிமிஷமே வெளிய போன்னுட்டேன்."

"ஆறு வருஷம் இருந்தவ," என்றார் கணவர், பெட்டியிடம் சொல்வதுபோல.

"நீங்க சும்மா இருங்க. நீங்க குடுத்த இடம்தான் எல்லாருக்கும்."

விடுதிக்காரர் தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதீங்க. அந்தம்மாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே. இவன் இன்னிக்கும் பட்டினின்னா தாங்க மாட்டான்."

"கேக்கத்தான் போறேன். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன், பாருங்க."

வேலைக்காரிக்கு ஃபோன் போட்டு, எல்லோர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"என்னடி மருந்து வெச்சே எங்க நாய்க்கு? உன் கையால ஊட்டினாத்தான் திங்கணும்னு பழக்கி வெச்சிருக்கியா? நாலு நாளா பச்சைத் தண்ணி மட்டும்தான் இறங்கியிருக்கு. திருப்திதானே உனக்கு?"

அந்தப் பக்கம் யார் வீட்டுக் குழாயோ ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"நாலு நாளாவாம்மா?" குரல் உடைந்திருந்தது. "தீனிய அப்படியே காய்ஞ்சபடி வெச்சுட்டாங்களா? ஊறப்போட்டுப் பிசைஞ்சு குடுக்கச் சொல்லுங்கம்மா. வலது பக்கமா ஊட்டச் சொல்லுங்க. இடது கடைவாய்ல பல்லு சொத்தை அவனுக்கு. ரெண்டு மாசமாவே எதையும் கடிக்க முடியல."

விடுதிக்காரர் மண்டியிட்டு, பஞ்சுவைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இடது பக்க உதட்டை மெல்லத் தூக்கினார். கறுத்துப்போன பல். அதைச் சுற்றி ஈறு வீங்கிப் புடைத்திருந்தது.

கணவர் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டார்.

டாக்டரம்மாவின் குரல் மட்டும் இறங்கவில்லை. "ரெண்டு மாசமாத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"



"கையுறை போடலேன்னுதான் திட்டறீங்கன்னு நெனச்சேம்மா," என்றாள் அவள். "பல்லு விஷயம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்க பல் டாக்டராச்சே."