எண்பத்தைந்தாம் ஆண்டுப் போத்தில்

"கும்பிட்டுக் கேக்கிறன், வாற ஆக்களுக்கு முன்னால அந்தப் போத்தில் கதையை மட்டும் எடுக்காதேங்கோ!"

குசினியில் சந்திரவதனா புருஷனிடம் கெஞ்சியது, வடை சுட உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுத் தவநாயகிக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்க வேண்டுமென்றுதானே தவநாயகி அடுப்பைக் குறைத்து வைத்திருந்தாள்!

லண்டனின் வால்தம்ஸ்டோவில் அந்தப் போத்திலைத் தெரியாத தமிழர் இல்லை. பிரான்சின் 'ஷாத்தோ மொர்வில்' திராட்சைத் தோட்டத்துச் சிவப்பு வைன், 1985. சந்திரவதனாவின் புருஷன் பாலேந்திராவின் கண்ணாடி அலுமாரியில், கலியாணப் படத்துக்கும் மேல்தட்டில் ராசா மாதிரிப் படுத்திருக்கும். "எங்கட தோட்டத்து வைன்" என்பார், ஏதோ சீதனமாக வந்ததுபோல. மனிதர் பார்ப்பது தபால் பிரிக்கும் வேலை. ஒரு சொட்டுக் குடிக்கவும் மாட்டார். பிறகேன் இந்தப் பவிசு என்று தவநாயகிக்கு விளங்கியதேயில்லை.

மகள் கல்யாணியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சிவானந்தன் பெரிய கணக்காளர். பட்டு டை, பளபளக்கும் சப்பாத்து. உட்கார்ந்து ஐந்து நிமிஷமில்லை, கண் அலுமாரிக்குப் போய்விட்டது.

"மொர்வில்லோ? எண்பத்தஞ்சோ?"

"ஓம் அண்ணை. எங்கட தோட்டம்."

சந்திரவதனாவின் முகம் விழுந்தது.

"அப்பிடியோ? அங்க மண் எப்பிடி?"

"கூழாங்கல்லு மண். பகல் வெயிலைப் பிடிச்சு வைச்சு, இரவில பழத்துக்குச் சூடு குடுக்கும்."

"வரிசை முனையில ரோசாச் செடி நடுறது என்னத்துக்கு?"

"நோய் வந்தா முதல்ல ரோசாவிலதான் தெரியும்."

"அந்த வருஷம் பழம் வெட்டேக்க மழையோ?"

"மழையோ! செப்டம்பர் முழுக்க நெருப்பு வெயில்."

பொம்பிளை பார்க்க வந்தவர் பொம்பிளையை ஏறிட்டும் பார்க்கவில்லையே என்று தவநாயகி வடைத்தட்டோடு நின்றாள்.

சிவானந்தன் முன்னால் சாய்ந்தார். "இவ்வளவு தெரியுது. அங்க உங்களுக்குப் பங்கு ஏதும் இருக்கோ?"

ஒரு 'ஓம்' போதும், சம்பந்தம் இறுகிவிடும். தவநாயகி என்றால் 'ஓம்' சொல்லி, பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்திருப்பாள். சந்திரவதனா கண்ணாலேயே கெஞ்சினாள்.

பாலேந்திரா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பங்கு இல்லை அண்ணை. லண்டனுக்கு வர முந்தி அங்க நான் கூலிக்கு முந்திரிகைக் குலை வெட்டினனான். இந்தப் போத்திலுக்குள்ள இருக்கிறது என்ர கை வெட்டின பழம். அதுதான் தேடி வாங்கி வைச்சிருக்கிறன்."

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனை முறைத்தாள். அறுந்தது சம்பந்தம் என்று முடிவுகட்டிய தவநாயகி, முதல் போன் யாருக்கு அடிக்கலாம் என்று மனதுக்குள் ஆள் தேடத் தொடங்கிவிட்டாள்.

சிவானந்தன் எழுந்துபோய் பாலேந்திராவின் கையைப் பிடித்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு முப்பது வருஷமா இவ என்ர வாயைக் கட்டி வைச்சிருக்கிறா. குலை வெட்டக் கத்திரி கிடைச்ச நீங்கள் குடுத்து வைச்ச ஆள்; நீங்கள் வெட்டின பழத்தைக் கூடையில சுமந்தது இந்த முதுகுதான், சம்மந்தி!"