இன்னும் கொஞ்சம் இறுக்கம்

‘டிக்... டிக்’ என்று முதுகுக்குப் பின்னால் சத்தம்.

துப்பாக்கி ரிப்பேர் கடையில் மேசைமேல் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த எம்மட் திரும்பிப் பார்க்கவில்லை. கைத்துப்பாக்கி தவறி வெடிக்காமல் தடுக்கிற சேஃப்டி விசையை யாரோ மேலும் கீழும் தள்ளுகிறார்கள் என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது.

“யாரா இருந்தாலும் முனையைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குங்க. எனக்கு இருக்கறது ஒரே முதுகு.”

“குண்டு இல்ல தம்பி. எடுத்துட்டுத்தான் கொண்டாந்தேன்.”

கிளென்னா அக்கா. பழைய சுரங்கத்து ரோட்டில் குடியிருக்கும் வெர்னனின் மனைவி. மேசைமேல் அவள் வைத்தது வெர்னனின் துப்பாக்கி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னது. ஷெரீஃப் ஆபீஸில் போலீஸ்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், சர்ச்சுக்குக்கூட அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வருவார். சுத்தம் பண்ணக் கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கி வந்தாளாம்.

“இந்தச் சேஃப்டியை நல்லா இறுக்கிக் குடு.”

எம்மட் கைவேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். இந்தக் கென்டக்கி மலைப்பக்கத்தில் துப்பாக்கி ரிப்பேருக்கு வருகிற அத்தனை பேரும் இளக்கிக் கொடு என்றுதான் கேட்பார்கள். ஆபத்து நேரத்தில் விரல் பட்டதும் அது விலகினால்தானே சுட முடியும்?

“எவ்வளவு இறுக்கணும்?”

“அவர் கட்டைவிரலால தள்ளினா அசையக் கூடாது.”

எம்மட்டுக்குச் சுருக்கென்றது. ஊர் பேசிக்கொள்வது சரிதான் போலிருக்கிறது. முதலில் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் டிராக்டர் சாவி. இந்த வருஷம் மான் வேட்டைக்கும் விடவில்லை. கிளென்னா புருஷனைக் கயிறு கட்டி மேய்க்கிறாள் என்று சர்ச் விருந்தில் பெண்களே சொல்லிச் சிரித்தார்கள்.

“அதுக்கு இதையும் பிடுங்கி வச்சுக்கலாமே, அக்கா?” என்றான். குரலில் நக்கல் இருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெர்னனுக்கு மறதி வந்துவிட்டது. அது அவருக்கே இன்னும் தெரியாதாம். செத்துப்போன தங்கச்சியை வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுகிறார். போன வாரம் காலையில் காபியோடு அறைக்குள் போனவளை நீ யாரு என்று கேட்டாராம். கேட்கும்போதே கை இடுப்புக்குப் போய்விட்டது.

“கண்ணு சரியில்லன்னு சொல்லி சாவிங்களை வாங்கிட்டேன். இதுக்கு ஒரு பொய்யும் கிடைக்கல. இதைப் பிடுங்கினா அவருக்கு எல்லாம் விளங்கிப் போயிடும் தம்பி. இடுப்புல அந்தக் கனம் இருக்கட்டும். நானும் ராத்திரி கண்ணை மூடணும்ல.”

எம்மட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னான்.

அவள் போனதும் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டான். சேஃப்டியை அவள் கேட்டபடியே இறுக்கினான். உள்ளே எண்ணெய் விடப் போனவன் கை அப்படியே நின்றது.

தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசிக்கு முனையே இல்லை. உடைந்ததும் இல்லை. யாரோ அரத்தால் நிதானமாக ராவி எடுத்திருந்தார்கள். எத்தனை தடவை அழுத்தினாலும் இந்தத் துப்பாக்கி வெடிக்காது.

கிளென்னாவின் வேலையாக இருந்தால் அவள் இங்கே வந்திருக்கவே மாட்டாள். போனை எடுத்தான். ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மா இன்றைக்கே நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் வெர்னனைக் கேட்காமல் சொல்ல மனசு வரவில்லை. வைத்துவிட்டான்.

சனிக்கிழமை அவள்தான் வண்டியை ஓட்டி வந்தாள். இறங்கவில்லை. வெர்னன் மட்டும் உள்ளே வந்தார். அன்றைக்கு நல்ல தெளிவாக இருந்தார். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்த எம்மட்டின் அப்பாவை லாக்கப்பில் போடாமல் வீட்டில் கொண்டு வந்து விட்ட கதையைச் சொல்லி, “உங்கப்பன் என்னமா கனம்டா” என்று சிரித்தார்.

துப்பாக்கியை வாங்கி, பார்க்காமலே உறைக்குள் செருகிக்கொண்டார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“உள்ளே திறந்து பார்த்தியா?”

“பார்த்தேண்ணே.”

“அவகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லிடாதே. எனக்கு ஞாபகம் தப்புதுன்னு அவளுக்கு இன்னும் தெரியாது. நான் காவலுக்கு இருக்கேன்னு நம்பி, பாவம், நிம்மதியாத் தூங்கிட்டு இருக்கா.”

வண்டி கிளம்பிப் போனது. எம்மட் எண்ணெய்த் துணியை எடுத்து, பாதியில் விட்டிருந்த வேட்டைத் துப்பாக்கியின் குழலைத் துடைக்கத் தொடங்கினான்.