எது பழைய பெட்டி?

“பயமா இருக்குன்னு நேராச் சொல்லிடுங்க மாமா. நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடறேன்.”

மச்சினன் பல் டாக்டர். எதிராளி வாயைத் திறக்கும்வரை விடாமல் பேசிப் பழகியவன். கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு புது கன்வர்ட்டர் வைத்திருந்தான்.

“யாருக்குடா பயம்? வேண்டாம்னா வேண்டாம்” என்றார் ஆர்க்கிடெக்ட், வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

ஹால் மூலையில், பழைய ரேடியோபோலக் கண்ணாடி வால்வுகள் வைத்த அவருடைய ஆம்ப்ளிஃபயர். பக்கத்தில் இருபத்தைந்து வருஷத்துக் கன்வர்ட்டர், செங்கல் கனம். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது அதன் வேலை. அதைப்போல ஒன்று இனிப் பிறக்கப் போவதில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர்.

“பழசைத் தலையில தூக்கி வெச்சு ஆடினீங்களே. இந்தப் புதுசு அதைவிடச் சுத்தமா வாசிக்குது. கண்ணைக் கட்டிக்கிட்டு எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

“பல்லைப் பிடுங்கறவனுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? புதுசுல எல்லாம் பளிச்சுன்னு இருக்கும், உசிரு இருக்காது. வால்வுக்குப் பழசுதான் பொருத்தம்.”

“அப்ப வந்து உட்காருங்க!”

“வால்வு சூடாக நேரமாகும். இன்னொரு நாள் பார்க்கலாம்.”

“நான் அப்பவே போட்டு விட்டுட்டேங்க” என்றாள் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் மேல் எப்போதும் கிடக்கும் துணியைக் காணோம். வால்வுகள் தணல்போலச் சிவந்திருந்தன.

“நீயும் இவன்கூடச் சேர்ந்துட்டியா?”

அவள் துவாலையை நீட்டினாள். அவர் முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். மச்சினன் கண்ணைக் கட்டினான். பெட்டியை மாற்றும் ஸ்விட்ச் மனைவி கையில்.

“இது முதலாவது.”

ஒரு பெண் குரல், கூடவே வயலின். ஆர்க்கிடெக்ட் அசையவில்லை.

“இது ரெண்டாவது.”

அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லுங்க மாமா. எது பழசு?”

“திரும்பப் போடு.”

போட்டார்கள்.

“இன்னொரு தடவை. முதல்லேர்ந்து.”

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் ஸ்விட்சை மறுபடி முதலாவதுக்குத் திருப்பினாள்.

கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டாவதுல, பாடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கறது கேக்குது. வயலின் கொஞ்சம் தள்ளி நின்னு வாசிக்குது. முதலாவதுல ரெண்டும் ஒட்டிக்கிட்டு வருது. ரெண்டாவதுதான்டா என் பழைய பெட்டி!”

“தப்பு! ரெண்டாவது என்னுது, புதுசு! தோத்துட்டீங்க மாமா, தோத்தே போயிட்டீங்க!”

கத்திக்கொண்டே ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். ஜெயித்தவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

ஆர்க்கிடெக்ட் கண்கட்டை அவிழ்க்கவில்லை. துவாலை நனைந்திருந்தது.

“தோத்தா தோத்துட்டுப் போறேன். எந்தப் பெட்டியா இருந்தா என்ன? நிறுத்தாத, ஓடட்டும்.”

மனைவி அதற்குள் போனில் அழுகையும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து பேச்சு நல்லாக் கேக்குது, பாட்டு மட்டும் தகரத்தை உருட்டற மாதிரி இருக்குன்னு ரேடியோவைக்கூட அணைக்கச் சொன்னாரே, இன்னிக்கு அவருக்குப் பாட்டு பாட்டாவே கேக்குது டாக்டர்!”