அறுபத்து மூன்று மூட்டை மண்

“கரி கெடைச்சிருச்சுங்களா ஐயா?”

“கரி தேடுறது வேற பகுதிம்மா. நாங்க நிலமீட்பு.”

இடுப்பளவு குழிக்குள் நின்றபடி மஹ்ரூப் பதில் சொன்னார். கொழும்பிலிருந்து வந்த மண்ணாய்வு அதிகாரி. வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை காலுறை, காலுறைக்குள் இரத்தம் குடிக்கும் இரண்டு அட்டைகள்.

ரெங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அவள் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியில் இது மூன்றாவது குழி.

எல்லாம் தை மாதம் ஆரம்பித்த வினை. மகள் லெட்சுமியைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்ட மருமகன் இராசையா, தெமோதரைக்குத் திரும்புமுன் வாழைக்குக் குழி வெட்டினான். மண்ணோடு கறுப்புக் கறுப்பாய்க் கட்டிகள் வந்தன. கணக்கப்பிள்ளை ஒன்றைத் தோட்டத்து மேலாளரான தொரையிடம் காட்ட, தொரை கொழும்புக்கு அனுப்ப, இந்த மடுல்சீமை மலைக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம் என்று கொழும்பு துள்ளிக் குதித்தது.

“சாதாரணக் கரி இல்லம்மா” என்றார் மஹ்ரூப். “எண்ணெய் வாடை அடிக்குது. அடியில பெற்றோலும் இருக்கலாம்னு எங்க மேலதிகாரி குறிப்பு எழுதியிருக்காரு.”

“அப்ப அதத் தோண்ட வேண்டியதுதானே? எம் போஞ்சிய எதுக்குத் தோண்டுறீங்க?”

மஹ்ரூப் தொப்பியைச் சரிசெய்தார். விளக்கம் சொல்வதற்கு முன் அவர் அப்படிச் செய்வார்.

“சுரங்க வாசல் இங்க வரும். கரி கழுவுற கொட்டகை அங்க. கழிவு மேடு அந்தச் சரிவுல. முப்பது வருசத்துல கரி தீர்ந்துரும். அப்ப நிலத்தைப் பழையபடி ஆக்கணும்ல? அதுக்குத்தான் மேல்மண்ண இப்பவே அளந்து வைக்கிறோம். சுரங்கத்த மூடினதும் அதே மண்ணப் பரப்பி, தேயில நடுவோம்.”

“இப்பவும் தேயிலதானே இருக்கு?”

“ஆமா.”

“முப்பது வருசம் கழிச்சும் தேயிலதானா?”

“அதுதாம்மா திட்டத்தோட சிறப்பே!”

ரெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அது கெடக்கட்டும். ரோட்டுக்கு என்னா செஞ்சீங்க?”

“ரோடு எங்க பகுதி இல்ல.”

“உங்களுக்கு எதுதாய்யா பகுதி?” அவள் வாசற்படியைக் காட்டினாள். எட்டு மாத வயிற்றோடு லெட்சுமி அங்கே உட்கார்ந்திருந்தாள். “போன தடவ இவளக் கம்பிளியில தூளி கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. பஸ்சு நிக்கிற எடத்துக்கு அஞ்சு மைலு. மூணாவது மைல்ல புள்ள போச்சு. பதினோரு வருசமா பெட்டிசன் எழுதுறோம். அடுத்த மாசம் இவளுக்கு வலி வந்தா மறுபடியும் கம்பிளிதான்.”

 மஹ்ரூப் குறிப்பேட்டில் எழுதினார்: ‘பாதையில் சரிவு கூடுதல்.’

நாலாம் நாள் வேலை முடிந்தது. இருபத்தொரு குழி, ஒவ்வொன்றிலும் மேல்மண், நடுமண், அடிமண். ஆக அறுபத்து மூன்று மூட்டை, எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு.

“இத பஸ் நிக்கிற எடத்துக்கு ஆளுங்க தூக்கிட்டு வருவாங்கள்ல?”

“தூக்குவாங்க” என்றாள் ரெங்கம்மா. “வழியில அட்டை கடிச்சா கீழ போட்டுருவானுங்க. மேல்மண்ணும் அடிமண்ணும் ஒண்ணாக் கலந்துபோனா என்னயக் கேக்கக் கூடாது.”

மஹ்ரூப்பின் முகம் வெளுத்தது. “ஐயோ, கலக்கவே கூடாது! குலுங்கவும் கூடாது!”

“குலுங்காமக் கொண்டு போக ரோடுல்ல வேணும்?”

மஹ்ரூப் மூட்டைகளைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

“எனக்கு ஒரு யோசனை தோணுது” என்றார்.

மனிதர்களுக்குப் பதினோரு வருடம் வராத ரோடு, மண்ணுக்குப் பத்தொன்பது நாளில் வந்தது. புல்டோசர் உறுமியது, பாறை வெடித்தது, மதகு போட்டார்கள். மூட்டைகளை ஏற்ற லாரி வந்த காலையில் லெட்சுமிக்கு வலி எடுத்தது. மேல்மண்ணுக்கும் அடிமண்ணுக்கும் நடுவே அவளைச் சாய்த்து வைத்து, ரெங்கம்மாவும் ஏறிக்கொண்டாள்.

“மூட்டை மேல சாயாதீங்கம்மா!” என்று முன்னாலிருந்து மஹ்ரூப் பதுளை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. இரண்டு உயிரும் நலம்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்று கணக்கப்பிள்ளை, தோட்டத்துக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார்: ‘மேற்படி இடத்தில் நிலக்கரி எதுவும் இல்லை. எனினும், நிலம் தொடக்க நிலையிலேயே காணப்படுவதால், நிலமீட்புத் திட்டம் முப்பது ஆண்டுகள் முன்னதாகவே முழு வெற்றி அடைந்துள்ளது.’

லயமே சிரித்தது. பக்கத்து மலைத் தோட்டத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த பொன்னையா மட்டும் சிரிக்கவில்லை.

“ஒங்களுக்கு என்னா தங்கச்சி, யோகம்! எங்க மலைக்கும் பதினஞ்சு வருசமா பெட்டிசன் போடுறோம். ஒரு ஒத்தையடிப் பாதகூட ஒழுங்கா இல்ல.”

ரெங்கம்மா குழந்தையை மடி மாற்றிக்கொண்டு, மருமகன் பக்கம் திரும்பினாள்.

“மாப்பிள்ள, தெமோதரையில தண்டவாளத்தோரமா எஞ்சின்லருந்து கரி விழுந்து கெடக்குமே, அதுல இன்னும் ஒரு அரைச் சாக்குப் பொறுக்கிட்டு வாங்க. இந்தத் தடவ எண்ணெ வாடை போகக் கழுவிப்புட்டே பொதைப்போம்.”