மயில்சாமியின் கைலாசம்

"பெத்த தாயைப் படுக்கையில போட்டுட்டு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுக் கைலாசம் போறானாம்."

திருச்செங்கோட்டுச் சந்தையில் இதைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு எதுவும் வாங்கத் தோன்றவில்லை. பேச்சு அவருடைய தங்கை புருஷன் மயில்சாமியைப் பற்றியது. நேரே தங்கை வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று மாட்டு வண்டியைத் திருப்பினார்.

அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மலையடிவாரத்திலேயே மாப்பிள்ளை அகப்பட்டார்.

வேப்பமர நிழலில் கடிகாரமும் கையுமாக மயில்சாமி. மேலே, பங்குனி வெயிலில், முதுகில் மூட்டையோடு கோயில் படி ஏறிக்கொண்டிருந்தாள் தங்கை பொன்னாத்தாள். சேலைக்கு மேல் ஒரு கம்பளிக் கோட்டு வேறு.

"ஏனுங்க மாப்பள, இதென்ன கூத்து?"

"வாங்க மச்சான். நேத்து ஏறி எறங்க நாப்பத்தெட்டு நிமிசமுங்க. இன்னைக்கு நாப்பத்தஞ்சுல முடிச்சிருவா, பாருங்க."

"அவ முதுகுல என்னுங்க?"

"நிலக்கடலைங்க. அங்க அவங்கவங்க போர்வைய அவங்கவங்கதான் சொமக்கோணுமாம். இப்பவே பழகோணுமில்லீங்க?"

நீங்கள் நிழலில் நின்றுகொண்டு அவளைச் சுமக்க விடுவதா என்று கேட்க சென்னியப்பன் வாயெடுத்தார். அதற்குள் மயில்சாமி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்துவிட்டார்.

"இதப் பாருங்க. காத்கோடாம் வரைக்கும் ரயிலு. அங்கிருந்து அல்மோராவுக்கு பஸ்ஸு. அப்பறம் பூராவும் நடைதானுங்க. இந்தா, இது லிபு கணவாய். இதைத் தாண்டினா நம்ம தேசம் முடிஞ்சுது, அந்தப் பக்கம் திபெத்து. பதினாறாயிரத்து எழுநூறு அடியாமுங்க. நம்ம செங்கோட்டு மலையை இருபத்தஞ்சு தடவ அடுக்குனாத்தான் அந்த ஒசரம் வரும்."

போன ஐப்பசியில் ஒரு சாமியார் வந்து, வெள்ளைத் துணியில் விளக்குப் படம் காட்டி, கைலாசத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"வைகாசியில கெளம்பறதுங்க. கோயமுத்தூர்க் கோஷ்டி, பதினோரு பேரு. அதுல நாலு பேரு பொம்பளைங்க. பனி வெளிச்சம் கண்ணைப் பறிச்சுருமாம். கறுப்புக் கண்ணாடிக்குக்கூட எழுதிப் போட்டாச்சு."

"அதெல்லாம் சரிங்க. உங்க ஆத்தாளை யாரு பார்ப்பா?"

மயில்சாமி காகிதத்தை மடித்தார். "அதுக்கு ஆளு பார்த்தாச்சுங்க. தொழிலும் பழகியாச்சு."

"ஆளா? பக்கவாதத்துல ஏழு வருசமாக் கெடக்கறாங்க. எந்த ஆளு மாப்பள, பொன்னாத்தா மாதிரி பார்க்கும்?"

"அவ மாதிரி வராதுங்க," என்றார் மயில்சாமி. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

பொன்னாத்தாள் இறங்கி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. மூச்சு வாங்கியது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவுங்க?"

"நாப்பத்துநாலு."

"மெய்யாலுமா?" என்றவள், அப்புறம்தான் அண்ணனைப் பார்த்தாள். "வாங்கண்ணா. வெயில்ல வந்திருக்கறீங்க."

அவளிடம் எதுவும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கூடவே வீட்டுக்குப் போனார். உள்ளே கட்டிலில் மாப்பிள்ளையின் ஆத்தாள் குப்பாயி படுத்திருந்தாள். சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஆத்தா, இந்தப் பயணம் உங்களுக்குச் சம்மதந்தானுங்களா?"

கோணிய வாய் மெல்ல அசைந்தது.

"போயிட்டு வரட்டும் சாமி."

பெற்ற மனசு இப்படி, பிள்ளை மனசு அப்படி என்று நினைத்துக்கொண்டார். அன்று அந்த வீட்டில் கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்.

வைகாசி பிறந்தது. சங்ககிரி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் பத்திருபது பேர் இருக்கும். ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கிழவிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு ஆத்தாயியை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாராம். அந்த ஆத்தாயியே தன் காலைத் தூக்கி வைக்க முடியாத கிழவி. இதுதான் மாப்பிள்ளை பார்த்த ஆளா என்று சென்னியப்பன் குமைந்தார்.

ரயில் வந்து நின்றது. கோயமுத்தூர்க் கோஷ்டியின் பெண்கள் ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் கூப்பிட்டார்கள். மயில்சாமி டிரங்குப் பெட்டியை ஏற்றினார், படுக்கைச் சுருளை ஏற்றினார், மனைவிக்குக் கை கொடுத்து ஏற்றினார். உள்ளே போய் ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

"கணவாயில வேகமா நடக்காத. மூச்சு முட்டுனா உட்கார்ந்துக்க. எந்த ஊர்ல தபால் பெட்டியப் பார்த்தாலும் ஒரு கார்டு போட்டுரு."

பொன்னாத்தாள் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பும் அடங்கவில்லை.

விசில் ஊதியது.

"மாப்பள, ஏறுங்க. வண்டி நகருது," என்று சென்னியப்பன் அவர் தோளைத் தள்ளினார்.

மயில்சாமி நகரவில்லை.

"நான் போகலீங்க மச்சான். பொம்பளையத் தனியா அனுப்பறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, மொத ஆளா நீங்கதான் வந்து மறிச்சிருப்பீங்க."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். ரயில் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப... ஆத்தாளுக்குப் பார்த்திருக்கற ஆளு?"

"நாந்தானுங்க. ஏழு வருசம் மருமக பார்த்தா. பெத்த மவன் மூணு மாசம் பார்க்கக் கூடாதுங்களா?"